திட்டத்துக்காக மக்களா? மக்களுக்காகத் திட்டமா?

ஓர் ஊருக்குப் புதிய சாலை வருகிறது, துறைமுகம் வருகிறது, தொழிற்சாலை வருகிறது என்று செய்தி வந்தால் நாம் பொதுவாக மகிழ்கிறோம். பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும், ஊர் முன்னேறும் என்று எண்ணுகிறோம். அதே செய்தியை, தன் வயல் வரப்பில் அளவுக்கல் நடப்பட்டிருப்பதைப் பார்த்துவிட்டு வந்த ஓர் உழவர் வாசித்தால் அவருக்கு அன்று இரவு தூக்கம் வராது. இருவரும் ஒரே நாட்டின் குடிமக்கள். இருவருடைய எண்ணத்திலும் நியாயம் இருக்கிறது. இந்த இரண்டுக்கும் நடுவே நேர்மையான ஒரு முடிவை எட்டுவது எப்படி?

வளர்ச்சி வேண்டுமா, வேண்டாமா என்று பட்டிமன்றம் நடத்துவதால் பயன் ஒன்றும் இல்லை. பள்ளியும் மருத்துவமனையும் பாலமும் வேண்டாம் என்று சொல்பவர் யாரும் இல்லை. நாம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. முடிவை எடுப்பவர் யார்? அந்த ஊர் மக்களை எப்போது கேட்கிறார்கள்? பலன் யாருக்கு, இழப்பு யாருக்கு? இக்கேள்விகளைக் காவிரி கடலோடு கலக்கும் பூம்புகார்க் கரையில் நின்று சிந்தித்துப் பார்ப்போம். கடந்த இருபது ஆண்டுகளில் இக்கேள்விகள் இந்தக் கரைக்கு மீண்டும் மீண்டும் வந்திருக்கின்றன.

இரண்டு பாக்கங்கள், நடுவே ஒரு பொது இடம்

இன்று பூம்புகார் மயிலாடுதுறை மாவட்டத்தில் உள்ள ஒரு கடலோரச் சிற்றூர். ஆனால் சங்க காலத்தில் அது காவிரிப்பூம்பட்டினம் என்ற பெருநகரம், சோழரின் துறைமுகம். சிலப்பதிகாரம் அந்நகரை இரு பகுதிகளாகக் காட்டுகிறது. கடலை ஒட்டியிருந்தது மருவூர்ப்பாக்கம். அங்கே பரதவர், கைவினைஞர், கடல் கடந்து வந்த வணிகர் ஆகியோர் வாழ்ந்தனர். உள்ளே தள்ளியிருந்தது பட்டினப்பாக்கம். அரசரும் பெருவணிகரும் அங்கே இருந்தனர். இரண்டுக்கும் நடுவே மரங்கள் அடர்ந்த திறந்தவெளியில் நாளங்காடி என்னும் பகல் சந்தை கூடியது.

1960-களில் இந்தியத் தொல்லியல் துறை நடத்திய அகழாய்வில் கீழையூரில் செங்கல்லால் கட்டப்பட்ட பழைய படகுத் துறை ஒன்று வெளிப்பட்டது. கடல் ஒரு பகுதியைக் கொண்டு போய்விட்டது என்ற நினைவு மணிமேகலைக் காப்பியத்திலேயே இருக்கிறது. 1973-இல் தமிழக அரசு இங்கே சிலப்பதிகாரக் கலைக்கூடத்தை எழுப்பி, பூம்புகாரைச் சுற்றுலாத் தலமாக்கியது.

முடிவெடுப்பவர் ஒரு பாக்கத்திலும், முடிவின் விளைவைச் சுமப்பவர் இன்னொரு பாக்கத்திலும் வாழ்வது அன்றும் இருந்தது, இன்றும் இருக்கிறது. இன்று அந்தத் தூரம் இன்னும் கூடியிருக்கிறது. பூம்புகார்க் கரையைப் பற்றிய கோப்பு சென்னையில் தயாராகிறது, டெல்லியில் கையெழுத்தாகிறது. இருவரும் சந்தித்துப் பேசும் நடு இடம் நமக்கு உண்டா என்பதே நம் முதல் கவலை.

200 மீட்டர்க் கோடு

2004 டிசம்பர் 26. அந்த ஞாயிறு காலையை இந்தக் கரை மறக்காது. அன்றைய நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்துக்கும் மேற்பட்டோர் ஆழிப்பேரலையில் மடிந்தனர். பூம்புகாரும் அப்போது அந்த மாவட்டத்தில்தான் இருந்தது. அடுத்த சில மாதங்களில் அரசின் முன் ஒரு கடினமான கேள்வி வந்து நின்றது. இந்த மக்களுக்கு மீண்டும் எங்கே வீடு கட்டித் தருவது?

2005 மார்ச் 30 அன்று தமிழக அரசு ஓர் ஆணை வெளியிட்டது. கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு இழந்தவர்கள், அதற்கு அப்பால் போகச் சம்மதித்தால் ஒன்றரை லட்சம் ரூபாய் மதிப்புள்ள புதிய வீடு இலவசமாகக் கிடைக்கும். ஆனால் பழைய மனையையும் வீட்டையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும். போக விரும்பாதவர்கள் இருந்த இடத்திலேயே தங்கள் செலவில் வீட்டைச் சரிசெய்து கொள்ளலாம். அரசு உதவி கிடைக்காது. 1991-ஆம் ஆண்டின் கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை 200 மீட்டருக்குள் புதிய கட்டுமானத்தைத் தடுத்திருந்ததே இதற்குச் சட்ட அடிப்படை.

இந்த ஆணையைத் தீய எண்ணத்தோடு பிறந்தது என்று யாரும் சொல்ல முடியாது. ஆயிரக்கணக்கான உடல்களைப் புதைத்துவிட்டு வந்த அதிகாரிகள், இன்னொரு முறை இது நடக்கக் கூடாது என்று நினைத்தது இயல்பே. புதிய வீட்டின் பட்டாவைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் தர வேண்டும் என்று சொன்னது நல்ல முன்னேற்றம்.

ஆனால் மீனவர் பார்வையில் கடற்கரை வீடு என்பது நான்கு சுவர் மட்டும் அல்ல. விடியுமுன் எழுந்து வாசலில் நின்றபடியே காற்றையும் நீரோட்டத்தையும் கணிப்பவர் அவர். படகும் எஞ்சினும் வலையும் கண் எட்டும் தூரத்தில் இருந்தாக வேண்டும். கரையில்தான் மீன் ஏலம் போகிறது. கரையில்தான் பெண்கள் கருவாடு காயப் போடுகிறார்கள். ஒரு கிலோ மீட்டர் உள்ளே போனால் வலையைச் சுமந்து செல்லும் கூலியும் காவலும் கூடுதல் செலவு. பழைய மனையை எழுதிக் கொடுத்துவிட்டால் கரையின் மீது தலைமுறை தலைமுறையாக இருந்த உரிமையும் போய்விடுமோ என்ற அச்சம் வேறு. காலி செய்யப்பட்ட கரை நாளை யாருக்குப் போகும் என்ற கேள்வி அந்த அச்சத்துக்குள் இருந்தது.

அந்த அச்சம் வெறும் கற்பனை அல்ல. கடலுக்கு அப்பால் இலங்கையில் அதே நேரத்தில் தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர் என்று தடை வகுத்தார்கள். மீனவர் குடிசைக்குத் தடை, சுற்றுலா விடுதிக்கு விலக்கா என்ற குரல் அங்கே எழுந்தது. பிறகு அந்தக் கோடு தளர்த்தப்பட்டது. நம் நாட்டிலும் 2019-ஆம் ஆண்டின் புதிய கடலோர அறிவிக்கை, சதுரக் கிலோ மீட்டருக்கு 2,161 பேருக்கு மேல் வாழும் கடலோர ஊரகப் பகுதிகளில் கட்டுமானத் தடையை 200 மீட்டரிலிருந்து 50 மீட்டராகக் குறைத்தது. மீனவர் தம் வீட்டை விரிவாக்கிக் கொள்ள இது உதவும் என்பது உண்மை. அதே தளர்வு வேறு பலருக்கும் கதவைத் திறக்கிறது என்பதும் உண்மை. உயிரைக் காக்க என்று சொல்லி 2005-இல் மனையை எழுதி வாங்கிய கோடு, பதினான்கு ஆண்டுகளில் இப்படி நகர முடியும் என்றால், அன்று எழுதிக் கொடுத்தவர் மனம் என்ன நினைக்கும்?

இந்த அனுபவத்தில் நம்பிக்கை தரும் ஒரு பக்கமும் உண்டு. 2005 தொடக்கத்தில் நாகப்பட்டினத்தில், தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பும் சிநேகா என்ற அமைப்பும் சேர்ந்து தொண்டு நிறுவனங்களின் ஒருங்கிணைப்பு மையம் ஒன்றைத் தொடங்கின. நூற்றுக்கணக்கான அமைப்புகள் உதவ வந்து குவிந்த நேரம் அது. மாவட்ட நிர்வாகம், உதவ வந்தோர், ஊர்ப் பஞ்சாயத்தார் ஆகிய மூவருக்கும் நடுவே செய்தி கொண்டு போகும் பாலமாக அந்த மையம் நின்றது. வீட்டின் வரைபடத்தைக் குடியிருக்கப் போகிறவரிடம் காட்டுவது, பட்டியலில் விடுபட்டவர் பெயரைச் சேர்ப்பது போன்ற சிறு காரியங்களுக்கும் அத்தகைய ஒரு பாலம் தேவைப்படுகிறது. மருவூர்ப்பாக்கத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் இடையே ஒரு நாளங்காடி என்று அதைச் சொல்லலாம்.

45 ஊர்கள், 57 ஆயிரம் ஏக்கர்

அடுத்த அனுபவம் வயல்வெளியைத் தொட்டது. 2011 ஜனவரியில் மன்னார்குடிப் பகுதியில் 691 சதுரக் கிலோ மீட்டர் பரப்பில் நிலக்கரிப் படுகை மீத்தேன் எடுக்க ஒரு தனியார் நிறுவனத்துடன் ஒப்பந்தம் கையெழுத்தானது. நிலக்கரிப் படுகையிலிருந்து வாயுவை எடுக்க வேண்டுமானால் முதலில் அதிலுள்ள நீரை வெளியேற்ற வேண்டும். நிலத்தடி நீர் இறங்கும், கடல்நீர் உள்ளே ஏறும் என்று டெல்டா உழவர் அஞ்சினர். இயற்கை வேளாண் அறிஞர் நம்மாழ்வார் ஊர் ஊராகச் சென்று இதை விளக்கினார். 2013-இல் அத்திட்டம் நிறுத்தி வைக்கப்பட்டது. வல்லுநர் குழுவின் ஆய்வுக்குப் பின் 2015-இல் மாநில அரசு அதை மறுத்தது.

பிறகு 2017-இல் கடலூர், நாகப்பட்டினம் மாவட்டங்களின் 45 ஊர்களில் ஏறத்தாழ 57,000 ஏக்கரைப் பெட்ரோலியம், ரசாயனம், பெட்ரோ ரசாயன முதலீட்டு மண்டலமாக மாநில அரசு அறிவித்தது. சீர்காழி, தரங்கம்பாடி வட்டாரங்களின் கடலோர ஊர்களும் அதில் அடங்கும். மத்திய அரசு 2007-இல் வகுத்த கொள்கையின்படி வந்த மண்டலம் அது. முதலீடு வரும், வேலை வரும் என்பது அதன் வாதம். கடலூர் சிப்காட் வட்டாரத்தில் காற்றும் நீரும் பட்ட பாட்டைக் கேள்விப்பட்டிருந்த மக்களுக்கு அந்த வாதம் போதவில்லை. இந்த அறிவிப்புக்கு எந்த ஊராட்சியின் ஒப்புதலும் சட்டப்படி தேவைப்படவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். ஓர் ஊரின் அடுத்த ஐம்பது ஆண்டு வாழ்வை மாற்றும் முடிவை, அந்த ஊரைக் கேட்காமலேயே எடுக்க முடிந்தது.

2020 ஜனவரியில் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் எண்ணெய், எரிவாயு ஆய்வுக் கிணறுகளுக்குச் சுற்றுச்சூழல் தாக்க ஆய்வும் பொது விசாரணையும் தேவையில்லை என்று விதியைத் திருத்தியது. டெல்டா கொதித்தது. அடுத்த மாதமே தமிழகச் சட்டமன்றம் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டத்தை நிறைவேற்றியது. முதலீட்டு மண்டல அறிவிப்பும் அதே காலத்தில் திரும்பப் பெறப்பட்டது. தஞ்சாவூர், திருவாரூர், அன்றைய நாகப்பட்டினம் மாவட்டங்களும், கடலூர், புதுக்கோட்டை மாவட்டங்களின் சில வட்டாரங்களும் இச்சட்டத்துக்குள் வந்தன. புதிய எண்ணெய், எரிவாயுக் கிணறுகள், தோல் பதனிடும் ஆலை, செம்பு, துத்தநாகம், அலுமினியம் உருக்கும் ஆலை, கப்பல் உடைக்கும் தொழில் போன்றவை இங்கே தடை செய்யப்பட்டன.

இதை மக்கள் குரலுக்குக் கிடைத்த வெற்றி என்று சொல்வது சரியே. ஆனால் முழுமையான வெற்றி என்று சொல்ல முடியாது. ஏற்கெனவே இயங்கி வந்த கிணறுகளை அச்சட்டம் தொடவில்லை. துறைமுகம், குழாய்ப்பாதை, சாலை போன்ற உள்கட்டமைப்புப் பணிகளுக்கு விலக்கு உண்டு. 2023-இல் ஒரத்தநாட்டை அடுத்த வடசேரி உட்பட மூன்று இடங்களை மத்திய நிலக்கரி அமைச்சகம் ஏலப் பட்டியலில் சேர்த்து, எதிர்ப்பு எழுந்ததும் சில நாள்களில் நீக்கியது. பட்டியல் தயாரானபோது இங்குள்ள மக்கள் கேட்கப்படவில்லை. கூச்சல் எழுந்த பிறகே கேட்கப்பட்டனர். ஒவ்வொரு முறையும் தெருவில் இறங்கினால்தான் காது கொடுப்பார்கள் என்ற பாடத்தை ஓர் அரசு தன் மக்களுக்குக் கற்றுக் கொடுக்கக் கூடாது.

ஊர் என்பது ஒரே குரல் அல்ல

மக்களின் கவலை என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எந்த மக்கள்?

சுருக்குமடி வலைச் சிக்கலையே எடுத்துக் கொள்வோம். தமிழகத்தில் 2000-ஆம் ஆண்டு முதல் அந்த வலைக்குத் தடை. 2021-இல் பூம்புகார், திருமுல்லைவாசல் உள்ளிட்ட ஊர்களின் மீனவர்கள் அதை அனுமதிக்கக் கேட்டுப் போராடினர். தரங்கம்பாடி உள்ளிட்ட ஊர்கள் அனுமதிக்கவே கூடாது என்று போராடின. முதலீடு செய்துவிட்ட படகுக்காரருக்குக் கடன் கவலை. சிறு படகுக்காரருக்கு மீன்வளம் அழிந்துவிடும் என்ற கவலை. ஒரே கடல், ஒரே சமூகம், ஆனால் இரண்டு கவலை. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இடைக்கால ஆணை ஒன்றைத் தந்தது. கரையிலிருந்து 12 கடல் மைலுக்கு அப்பால், திங்கள், வியாழன் ஆகிய இரு நாள்கள் மட்டும், காலை 8 முதல் மாலை 6 மணி வரை என்று எல்லை வகுத்தது. யாரும் முழுவதும் கேட்டதைப் பெறவில்லை. ஆயினும் இரு தரப்பையும் கேட்ட பிறகே அந்த எல்லை பிறந்தது.

இன்னொரு பக்கத்தையும் பார்ப்போம். மீனவ ஊர்ப் பஞ்சாயத்து வலிமையான அமைப்பு. ஆழிப்பேரலைக்குப் பின் நிவாரணம் ஒழுங்காகப் பங்கிடப்பட்டதற்கு அது பெரிதும் காரணம். ஆனால் அதில் அமர்பவர்கள் ஆண்கள். ஊர் வரி கட்டும் குடும்பத் தலைவரே கணக்கில் வருவார். கைம்பெண்கள், தனித்து வாழும் பெண்கள் ஆகியோரின் பெயர் பல இடங்களில் தொடக்கப் பட்டியலில் இடம்பெறவில்லை. கடலை அடுத்த தலித் குடியிருப்புகளின் கூலித் தொழிலாளர், படகை இழக்காவிட்டாலும் வேலையை இழந்தனர். வயலில் உப்புநீர் ஏறினால் நடவு வேலை யாருக்கு? படகு இழந்தவரைக் கண்ட கண்கள், கூலி இழந்தவரைக் காணத் தாமதமாயிற்று.

டெல்டாவில் நிலம் வைத்திருப்பவரின் குரல் உரக்கக் கேட்கும். அந்த நிலத்தில் நடவு நடும் பெண்ணின் குரல் கேட்பதில்லை. நிலத்துக்கு நல்ல விலை கிடைத்தால் நில உரிமையாளர் கும்பகோணத்துக்கோ சென்னைக்கோ போய்விடலாம். குத்தகைதாரரும் கூலியாளும் எங்கே போவார்கள்? ஆகவே உள்ளூர் மக்களைக் கேளுங்கள் என்று அரசிடம் சொல்லும் நாம், நம் ஊருக்குள் நாம் யாரைக் கேட்கிறோம் என்றும் நம்மையே கேட்டுக் கொள்ள வேண்டும்.

சட்டம் திறந்து வைத்துள்ள கதவுகள்

நம் மக்களுக்குப் பேச இடமே இல்லை என்று சொல்ல முடியாது. சில கதவுகள் திறந்திருக்கின்றன. பலருக்கு அவை தெரிவதில்லை.

முதலாவது கிராம சபை. 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தின்படி ஒவ்வொரு ஊராட்சியிலும் அது கூடுகிறது. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 ஆகிய நாள்களோடு மார்ச் 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் பின்னர் சேர்க்கப்பட்டன. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எவரும் அதில் பேசலாம். தீர்மானம் கொண்டு வரலாம். ஆனால் ஒரு பெரிய திட்டத்தைத் தடுக்கும் அதிகாரம் அந்தத் தீர்மானத்துக்கு இல்லை. பரந்தூரில் இரண்டாவது விமான நிலையம் என்று 2022-இல் அறிவித்ததும், ஏகனாபுரம் மக்கள் கிராம சபையில் எதிர்ப்புத் தீர்மானம் நிறைவேற்றினர். மீண்டும் மீண்டும் நிறைவேற்றினர். திட்டம் நிற்கவில்லை. மாறாக ஒடிசாவின் நியம்கிரி மலையில் 2013-இல் உச்ச நீதிமன்ற ஆணைப்படி 12 கிராம சபைகள் கூடிப் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. அங்கே வன உரிமைச் சட்டம் துணை நின்றது. வயலுக்கும் கடற்கரைக்கும் அத்தகைய துணை இன்னும் இல்லை.

இரண்டாவது, பொது விசாரணை. 2006-ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, அதற்கு உட்பட்ட பெரிய திட்டங்களுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பொது விசாரணை நடத்த வேண்டும். குறைந்தது 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். வரைவு அறிக்கையின் சுருக்கம் உள்ளூர் மொழியில் கிடைக்க வேண்டும். மாவட்ட ஆட்சியரோ அவருடைய பிரதிநிதியான மூத்த அதிகாரியோ தலைமை ஏற்க வேண்டும். நடப்பது அனைத்தும் காணொளியாகப் பதிவாக வேண்டும். நேரில் வர இயலாதவர் எழுத்தில் கருத்து அனுப்பலாம். அங்கே வாக்கெடுப்பு கிடையாது என்பதை மறக்கக் கூடாது. 'வேண்டாம்' என்று ஆயிரம் பேர் முழங்குவதைவிட, எங்கள் வாய்க்கால் இந்த இடத்தில் அடைபடும், எங்கள் ஊற்று இத்தனை அடி ஆழத்தில் இருக்கிறது, மீன் இந்த மாதங்களில் இங்கே வரும் என்று பத்துப் பேர் விவரத்தோடு பதிவு செய்வது வலிமையானது. பதிவான ஒவ்வொரு சுற்றுச்சூழல் கவலைக்கும் திட்டக்காரர் தம் இறுதி அறிக்கையில் பதில் சொல்லியாக வேண்டும்.

மூன்றாவது, 2013-ஆம் ஆண்டின் நிலம் கையகப்படுத்தும் சட்டம். 1894-ஆம் ஆண்டின் ஆங்கிலேயர் சட்டத்துக்கு மாற்றாக வந்தது இது. தனியார் நிறுவனத்துக்காக நிலம் எடுத்தால் பாதிக்கப்படும் குடும்பங்களில் 80 விழுக்காட்டினரின் சம்மதம் வேண்டும். அரசும் தனியாரும் கூட்டாகச் செய்தால் 70 விழுக்காடு. முதலில் சமூகத் தாக்க ஆய்வு நடக்க வேண்டும். பல போகம் விளையும் பாசன நிலத்தைக் கடைசி வழியாக மட்டுமே தொடலாம். நிலம் இல்லாத குத்தகைதாரர், விவசாயக் கூலியாள், நீர்நிலையை நம்பி வாழும் மீனவர், படகோட்டி ஆகியோரையும் பாதிக்கப்பட்ட குடும்பம் என்று இச்சட்டம் ஏற்கிறது. இது பெரிய மாற்றம். ஆனால் தமிழ்நாட்டில் தொழில் நோக்கத்துக்காகவும் நெடுஞ்சாலைக்காகவும் நிலம் எடுக்கத் தனி மாநிலச் சட்டங்கள் உண்டு. அவற்றுக்குச் சம்மதமும் சமூகத் தாக்க ஆய்வும் தேவையில்லை. சென்னை உயர் நீதிமன்றம் 2019-இல் அவை செல்லாது என்றது. மாநில அரசு அதே ஆண்டு அவற்றுக்கு மீண்டும் உயிர் கொடுத்தது. 2021-இல் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றது. ஆக, எந்தச் சட்டத்தின்கீழ் நிலம் எடுக்கிறார்கள் என்பதே ஊர் கேட்க வேண்டிய முதல் கேள்வி.

நாபோத்தும் ஏழு பேரும்

நிலம் எடுக்கும் கதை விவிலியத்துக்குப் புதிது அல்ல. அரசர்கள் முதல் நூலின் 21-ஆம் அதிகாரத்தில் ஆகாபு அரசர் நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தைக் கேட்கிறார். அரண்மனைக்குப் பக்கத்தில் காய்கறித் தோட்டம் போட அவருக்கு ஆசை. அவர் முதலில் மிரட்டவில்லை. இதைவிட நல்ல தோட்டம் தருகிறேன், இல்லையென்றால் விலை தருகிறேன் என்கிறார். இன்றைய மொழியில் சொன்னால் நியாயமான இழப்பீடு! நாபோத்து மறுத்ததற்குக் காரணம் விலை போதாமை அல்ல. அது மூதாதையரின் உரிமைச் சொத்து. பணத்தால் அளக்க முடியாத ஒன்று நிலத்தில் இருக்கிறது என்பதை அரசரால் புரிந்து கொள்ள முடியவில்லை. அங்கேதான் அநீதி தொடங்கியது. பொய்ச் சாட்சியும் கொலையும் பின்னால் வந்தன.

திருத்தூதர் பணிகள் நூலின் 6-ஆம் அதிகாரம் வேறு வழியைக் காட்டுகிறது. அன்றாடப் பங்கீட்டில் எங்கள் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்று கிரேக்க மொழி பேசுவோர் முணுமுணுத்தனர். திருத்தூதர்கள் அதைக் கலகம் என்று அடக்கவில்லை. எல்லாச் சீடரையும் ஒன்றாகக் கூட்டினர். தேர்ந்தெடுக்கும் பொறுப்பை மக்களிடமே விட்டனர். தேர்வான ஏழு பேருக்கும் கிரேக்கப் பெயர்களே இருக்கின்றன. குறை சொன்ன தரப்பின் கையிலேயே பங்கீட்டை ஒப்படைத்தார்கள் என்று விளக்கவுரையாளர்கள் கருதுகின்றனர்.

கீழுள்ள சமூகம் தானே செய்யக்கூடியதை மேலுள்ள அமைப்பு பறித்துக் கொள்ளக் கூடாது என்ற துணைமை நெறியைத் திருத்தந்தை பதினொன்றாம் பயஸ் 1931-இல் எடுத்துரைத்தார். மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட தம் சுற்றுமடலில் இன்னும் தெளிவாகப் பேசினார். திட்டம் முடிவான பிறகு சடங்காகச் சுற்றுச்சூழல் ஆய்வு செய்வது தவறு. அது தொடக்கத்திலிருந்தே திட்டத்தின் பகுதியாக வேண்டும். உள்ளூர் மக்களுக்குப் பேச்சுவார்த்தையில் சிறப்பிடம் வேண்டும் என்பது அவர் தந்த படிப்பினையின் சாரம். இதற்குக் கிறிஸ்தவராக இருக்கத் தேவையில்லை. மனச்சான்று இருந்தால் போதும்.

சமநிலை என்றால் என்ன?

சமநிலை என்றால் பாதி உனக்கு, பாதி எனக்கு என்று கூறு போடுவது அல்ல. தராசின் ஒரு தட்டில் கோடிகளும் மறு தட்டில் ஒரு குடும்பத்தின் ஒரே வாழ்வாதாரமும் இருக்கும்போது எண்ணிக்கையால் மட்டும் எடை போட முடியாது. நடைமுறைக்கு ஏற்ற சில அளவுகோல்களைச் சொல்லலாம்.

1. முன்கூட்டியே கேட்பது. வரைபடம் அச்சான பிறகு கேட்பது அறிவிப்பு. வரைபடம் தீட்டும்போது கேட்பதே கலந்தாய்வு. கேரளத்தில் 1996-இல் மக்கள் திட்டம் தொடங்கியபோது மாநிலத் திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிகளுக்கு ஒதுக்கி, முன்னுரிமைகளைக் கிராம சபையில் பேச வைத்தார்கள்.

2. புரியும் மொழியில் சொல்வது. ஆயிரம் பக்க ஆங்கில அறிக்கையை ஆட்சியர் அலுவலகத்தில் வைப்பதால் வெளிப்படைத்தன்மை வந்துவிடாது.

3. மாற்று வழியைக் காட்டுவது. இந்த இடம்தான் வேண்டுமா, வேறு தரிசு நிலம் உண்டா, அளவைக் குறைக்க முடியுமா என்பதற்கு எழுத்தில் பதில் வேண்டும்.

4. இழப்பவருக்கு முதல் பலன். வீடு போகிறவருக்குப் புதிய வீடு முதலில். பழையதை இடிப்பது பிறகு. பட்டா இல்லாதவரும் இழப்பவரே.

5. திரும்பிப் பார்ப்பது. 2005-இல் கட்டிய வீடுகளும், பிறகு வந்த துறைமுகமும், சுற்றுலாப் பணிகளும் சொன்ன பலனைத் தந்தனவா என்று குறித்த காலத்தில் மக்கள் முன் கணக்கு வைக்க வேண்டும்.

இவை அரசுக்கு. மக்களுக்கும் கடமை உண்டு. எல்லா மறுப்பும் நாபோத்தின் மறுப்பு ஆகாது. அடுத்த ஊருக்கு ஆம்புலன்ஸ் போகும் பாதைக்கு மூன்றடி விடாமல் பத்தாண்டு வழக்கு நடத்துகிறவர்களும் நம் நடுவே உண்டு. குப்பைக் கிடங்கு வேண்டும், ஆனால் என் தெருவில் வேண்டாம் என்பவர் அதைப் பேசத் தெரியாத ஏழையின் தெருவுக்குத் தள்ளிவிடுகிறார். வதந்தியை நம்பி எதிர்ப்பதும், கைக்கூலி வாங்கிக் கொண்டு ஆதரிப்பதும் ஊருக்குச் செய்யும் துரோகமே. ஏரி, குளம், வாய்க்கால் கரையை ஆக்கிரமித்துக் கொண்டு நீரைக் காப்போம் என்று முழங்குவது எடுபடாது.

பங்குகளுக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்தில் வைத்திருக்கும் வரைவு அறிக்கையை வாங்கிவந்து அன்பியக் கூட்டத்தில் எளிய தமிழில் வாசித்துக் காட்டலாம். மனு எழுதத் தெரியாதவருக்கு எழுதிக் கொடுக்கலாம். இந்துக்கள், இஸ்லாமியர், கிறிஸ்தவர் என்று பிரிக்காமல் ஊரை ஓரிடத்தில் உட்கார வைக்கலாம். ஆலய வளாகத்தின் வேப்ப மரத்தடி, பேசக் கூச்சப்படும் பெண்களுக்குக் கிராம சபைக்கு முந்தைய ஒத்திகை இடமாகட்டும்.

சிந்திக்கச் சில கேள்விகள்

நம் ஊராட்சியின் கடந்த கிராம சபையில் நம் வீட்டிலிருந்து யார் கலந்து கொண்டார்கள்? என்ன தீர்மானம் நிறைவேறியது?

நம் ஊரில் ஒரு திட்டம் வந்தால் முதலில் இழப்பவர் யார்? அவருடைய பெயர் நமக்குத் தெரியுமா?

நாம் எதிர்ப்பது ஊருக்காகவா, நம் வசதிக்காகவா? நாம் ஆதரிப்பது நன்மைக்காகவா, கிடைக்கப் போகும் பங்குக்காகவா?

ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும் என்பது டெல்டா மக்கள் நன்கு அறிந்த உண்மை. வடத்தைப் பிடிக்காதவரைத் தேர் ஏற்றிக்கொண்டு போகிறது என்றால் அது தேரோட்டம் அல்ல. ஓய்வுநாள் பற்றிய வழக்கில் இயேசு சட்டத்துக்கு முன்னே மனிதரை நிறுத்தினார். திட்டங்களைப் பற்றிய வழக்கிலும் நாம் அதையே செய்வோம். அடுத்த கிராம சபை நாள் எது என்று இன்றே பார்த்து வைப்போம். போகும்போது பக்கத்து வீட்டாரையும் அழைத்துச் செல்வோம்.